பொலி பொலிக! பட்டி பெருகுக!



தை மாதம் பிறக்கும் நாளில் ரொம்மனில் சூரியன் காலை ஒன்பது மணிக்குப் பின்னரே தலைகாட்டுகின்றான். பிற்பகல் நான்கு மணிக்குள் மறைந்தும் விடுகின்றான். முற்றமெங்கும் உறைபனி. ஆகவே நாம் வீட்டுக்குள் மின்னடுப்பில் பானை வைத்துப் பொங்கி, சாளரத்தின் பக்கம் வாழையிலை விரித்துப் படைக்கின்றோம். அரிசி கடையில் வாங்கியது. பால் பெட்டியில் வந்தது. "அப்பா, இது யாருடைய அறுவடை?" என்று எமது பிள்ளைகள் கேட்டால் நாம் என்ன விடை சொல்வது?

இக்கேள்விக்கு எமது சமயம் தெளிவான விடை வைத்திருக்கின்றது. அறுவடை ஒருவருடையது அன்று. அது பங்கு கொடுக்கும் நாள். கணக்கெழுதும் தொழிலில் இருப்போர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். வரவு கைக்கு வந்ததும் முதலில் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதை எழுத வேண்டும்; எஞ்சியதே எமது இலாபம். பொங்கற் பானை என்பது உழவன் ஆண்டுக்கு ஒருமுறை முடிக்கும் கணக்கு. கடவுளுக்கு, கதிரவனுக்கு, மாட்டுக்கு, கூலிக்கு அரிவாள் பிடித்தவனுக்கு, களத்தைச் சுற்றி வரும் பறவைக்கு என்று எல்லோருக்கும் பங்கு வைத்த பின்னரே அவன் வாய்க்கு ஒரு பிடி.

இத்தை மாதத்திலே குருபூசை வரும் நாயன்மார்களுள் இருவரை இங்கே நினைப்போம். ஒருவர் அரிவாட்டாய நாயனார். அவருக்குரியது தைத் திருவாதிரை. மற்றவர் சண்டேசுர நாயனார். அவருக்குரியது தை உத்திரம். ஒருவர் நெல் அறுத்தவர். ஒருவர் மாடு மேய்த்தவர். பொங்கலும் பட்டிப்பொங்கலும் வரும் மாதத்தில் இவ்விருவரையும் சேர்த்துச் சிந்திப்பது பொருத்தமானதே.

அரிவாட்டாயருக்குப் பெற்றோர் இட்ட பெயர் தாயனார். சோழநாட்டிலே கணமங்கலத்தில் வாழ்ந்த பெரும் வேளாளர். நாள்தோறும் செந்நெல் அரிசி அமுதும் செங்கீரையும் மாவடுவும் இறைவனுக்குப் படைப்பதே அவர் நியமம். செல்வம் போய் வறுமை வந்தது. அப்போதும் அவர் நியமத்தை விடவில்லை. பிறர் வயலில் கூலிக்கு நெல் அறுத்தார். கூலியாகக் கிடைத்த செந்நெல்லை இறைவனுக்கு வைத்தார். கார்நெல்லைத் தாம் உண்டார். பின்னர் வயலெல்லாம் செந்நெல்லாகவே விளைந்தது. அனைத்தையும் இறைவனுக்கே கொடுத்துவிட்டு அவர் கொல்லைக் கீரையை உண்டார். கீரையும் தீர்ந்தபின் தண்ணீர் பருகி வாழ்ந்தார். ஒருநாள் படையலைச் சுமந்து செல்கையில் உடல் தளர்ந்து விழ, அமுது முழுவதும் நிலவெடிப்பிலே சிந்திவிட்டது. இறைவனுக்கு அமுதூட்டும் பேறு இழந்தேனே என்று தமது கழுத்தில் அரிவாளைப் பூட்டினார். அவ்வெடிப்பிலிருந்து எம்பெருமானின் திருக்கரம் எழுந்து அவர் கையைப் பிடித்தது. மாவடுவைக் கடிக்கும் ஓசையும் கேட்டது.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இறைவனின் கை கருவறைக்குள் இருந்து வரவில்லை. காய்ந்து வெடித்த வயலுக்குள் இருந்து வந்தது; கூலிக்கு அறுத்தவரின் கையைப் பிடித்தது. ஆகவே வயலில் நிற்பவனை மறந்துவிட்டுக் கோயிலில் செய்யும் பொங்கல் அரைப் பொங்கலேயாகும்.

சண்டேசுரரின் இயற்பெயர் விசாரசருமர். திருச்சேய்ஞலூரிலே வேதம் கற்ற சிறுவர். முட்ட வந்த பசுவை இடையன் கோலால் அடிப்பதைக் கண்டு மனம் பொறாமல், இனி இப்பசுக்களை நானே மேய்ப்பேன் என்று ஏற்றுக்கொண்டார். நல்ல புல்லுள்ள இடம் பார்த்து மேயவிட்டு, துறையறிந்து நீரூட்டி, நிழலில் நிறுத்தி அன்போடு காத்தார். பசுக்கள் முன்னரிலும் மிகுதியாகப் பால் சொரிந்தன. அன்பும் தீனியும் தண்ணீரும் நிழலும் கிடைத்தால் மாடு பால் தரும் என்பது பக்திக் கதை மட்டுமன்று. எந்தக் கால்நடை வைத்தியரும் சொல்லும் உண்மையும் ஆகும்.

யாழ்ப்பாணத்தில் இம்மரபு இன்றும் உயிரோடு இருக்கின்றது. நல்லூர்க் கந்தசுவாமி ஆலயத்தின் நெற்புதிர் விழா தைப்பூசத்தை ஒட்டி நடைபெறுகின்றது. தென்மராட்சியிலுள்ள ஆலய வயலில் புதுநெல் அறுத்துக் கொண்டுவந்து முருகப்பெருமானுக்குப் படைத்து, அதன் பின்னரே புதிதுண்பர். ஆலயம் 1734 ஆம் ஆண்டில் இன்றைய இடத்தில் அமைந்த காலம் முதல் இது தொடர்வதாகப் போற்றப்படுகின்றது. போரும் இடப்பெயர்வும் கண்ட மண்ணிலே ஒரு பிடி நெற்கதிர் இவ்வளவு காலம் வழி தவறாமல் வந்து சேர்ந்திருப்பது சிறிய காரியமன்று.

ஆனால் அந்த நெற்கதிரை விளைவித்தவன் அண்மைக்காலத்தில் பட்ட பாட்டை நாம் அறிவோம். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும், காலபோகப் பயிர் பசளையின்றி வாடி விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரிலும் மழையிலும் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் அதிகமான மாடுகளும் ஆடுகளும் விறைத்து இறந்தன. 2024 நவம்பரிலும் 2025 நவம்பரிலும் புயல் வெள்ளம் பயிர் நின்ற வயல்களை மூடியது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது. சேற்றில் கால் வைப்போரையே அந்நோய் முதலில் தேடிச் செல்கின்றது.

இங்கே ஒஸ்லோவிலிருந்து நாம் என்ன செய்யலாம் என்ற கேள்வி எழும். எம்மில் பலருக்கு ஊரில் இன்னும் வயல் இருக்கின்றது. சிலருடையது குத்தகைக்கு விடப்பட்டிருக்கின்றது. சிலருடையது தரிசாகக் கிடக்கின்றது. மார்கழியிலும் தையிலும் நாம் ஊருக்குத் தொலைபேசி எடுக்கின்றோம். அப்போது பேச வேண்டியவை சிலவற்றை இங்கே சொல்கின்றோம்.

முதலாவது, குத்தகை. விதைநெல், உழவு, பசளை எல்லாவற்றுக்கும் உழவன் கடன் பட்டிருக்கின்றான். அருவி வெட்டியதும் கடன்காரன் களத்துக்கே வருகின்றான். அதே வாரத்தில் குத்தகையையும் நாம் கேட்டால், அவன் நெல்லைக் காயவிடாமல் ஈரத்தோடு விற்கின்றான். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதனால் விலை விழுகின்றது. ஈரப்பதத்துக்கென்று வியாபாரி மேலும் கழிக்கின்றான். நெல் சந்தைப்படுத்தும் சபையின் தரம் 14 சதவீத ஈரப்பதம் ஆகும். அதுவரை காயவிட்ட நெல் களஞ்சியத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் நிற்கும். குத்தகையை இரண்டு மாதம் பிந்தி வாங்குவோம் என்று நாம் சொல்லும் ஒரு சொல், அவன் நெல்லைக் காயவைத்து வைத்திருந்து விற்பதற்கு இடம் கொடுக்கும். வெள்ளம் அழித்த ஆண்டில் குத்தகையைக் குறைப்பதோ விடுவதோ தருமமன்று, நீதி. விளையாத நெல்லில் பங்கு கேட்க எவருக்கும் உரிமை இல்லை.

இரண்டாவது, அறுப்புக்கு ஏற்ற வேளை. கதிரில் நூற்றுக்கு எண்பது மணிக்கு மேல் பொன்னிறமானதும் அறுக்கலாம். ஏறக்குறைய 10 நாட்களுக்கு முன்னரே வயல்நீரை வடிய விட வேண்டும். நன்கு விளைந்த, கலப்பில்லாத பாத்தியை விதைநெல்லுக்கென்று தனியே அறுத்து வைக்க வேண்டும். உழவர் இவற்றை எம்மிலும் நன்கு அறிவர். ஆயினும் அறுவடை இயந்திரத்துக்கு முற்பணம் இல்லாமல் காத்திருந்து, காலம் தப்பிய மழையில் நெல்லை முளைக்க விட்டவர் பலர். எமது உதவி பயன்படும் இடம் அதுவே.

மூன்றாவது, வைக்கோல். இயந்திரம் வெட்டிச் சிதறிய வைக்கோலைக் கொளுத்திவிடும் வழக்கம் பெருகியிருக்கின்றது. அது நெருப்பில் இடும் மாட்டுத்தீனி ஆகும். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பகுதியும் வைக்கோலிலேயே இருக்கின்றது. கூட்டிச் சேர்த்துப் போராகக் குவித்தால் கோடையில் பட்டி பிழைக்கும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்தினால் அதன் சத்து உயரும். அக்கரைசலை மாடு குடித்துவிட்டால் நஞ்சாகும். ஆகவே கால்நடை வைத்தியரிடம் முறையைக் கேட்டுச் செய்வதே நன்று.

இதற்கு நோர்வேயே எமக்குச் சாட்சி. 2018 கோடையில் இந்நாட்டின் தென்பகுதியில் கடும் வரட்சி. புல் காய்ந்து தீனி இல்லாமல் மாடுகளை முன்கூட்டியே இறைச்சிக்கு அனுப்பினர். அப்போது தானியம் விளைவித்தோர் தமது வைக்கோலைக் கட்டி மாடு வளர்ப்போருக்குக் கொடுத்தனர். அதனை அமோனியாவில் பதப்படுத்தித் தீனியாக்கினர். வயற்காரனும் பட்டிக்காரனும் ஒருவரை ஒருவர் தாங்கினால்தான் இருவரும் பிழைப்பர் என்பது எந்த மொழியிலும் ஒன்றே.

நான்காவது, மேய்ச்சல். காலபோகம் விதைத்ததும் மாடுகளை வயலிலிருந்து அப்பால் கொண்டுபோக வேண்டும். அறுவடை முடிந்ததும் அவை தாள் மேயத் திரும்பி வரும். தாளை மேய்ந்த மாடு எருவை விட்டுச் செல்லும். இவ்வொழுங்கு நிலைக்க மேய்ச்சல் தரை வேண்டும். மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் அதற்காகவே போராட்டம் தொடங்கினர். வெளிநாட்டிலிருந்து நாம் ஊரில் காணி வாங்கி, மதிலெழுப்பி, பூட்டுப் போட்டு, வெறுமனே விடும்போது, மாடு நடந்த ஒழுங்கையையும் மேய்ந்த தரையையும் அடைக்கின்றோமா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஐந்தாவது, பட்டிப்பொங்கல். மாட்டைக் குளிப்பாட்டி மாலையிட்டு வணங்குவது எமது நன்றி. அந்த அன்பிலே அளவுக்கு மீறிப் பொங்கலும் அரிசியும் ஊட்டிவிடுவோர் உண்டு. சோற்றை மிகுதியாக உண்ட மாட்டின் வயிறு புளித்து உப்பி, உயிரே போய்விடலாம். ஒரு கைப்பிடி பொங்கல் போதும். மிகுதிக்குப் பசும்புல்லும் நல்ல தண்ணீரும் கொடுக்கட்டும். திருமூல நாயனார் அறங்களை எண்ணிச் சொல்லுமிடத்தில், இறைவனுக்கு ஓர் இலையும், பசுவுக்குச் சிறிது தீனியும், உண்ணுமுன் பிறர்க்கு ஒரு பிடியும், பிறர்க்கு இனிய சொல்லும் எவராலும் கொடுக்க இயலும் என்கின்றார். அளவறிந்த அன்பே அன்பு. நோர்வேயில் மாடு குளிர்காலம் முழுவதும் தொழுவத்தில் நிற்கின்றது. கோடையில் குறைந்தது 8 வாரங்கள் அதனை வெளியே மேயவிட வேண்டும் என்று சட்டமே சொல்கின்றது. எமது மாடுகளுக்கோ மாரியில் ஒதுங்க ஒரு கூரை இருந்தால் 2022 இல் நேர்ந்தது போன்ற இழப்பைப் பெரிதும் குறைக்கலாம். ஒரு பட்டிக்கு ஓர் ஓலைக் கொட்டில் போட்டுக் கொடுப்பது கோபுரத்துக்கு வர்ணம் பூசுவதிலும் குறைந்த புண்ணியம் அன்று.

ஆறாவது, உழைப்பவர் உடல்நலம். சேற்றில் இறங்குபவர் காலில் காயம் இருந்தால் மூடிக்கட்ட வேண்டும். எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பு மாத்திரை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுப் பெறலாம். காய்ச்சலும் தசைநோவும் கண்டால் வயல் வேலை முடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆசுபத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். "தம்பி, மாத்திரை எடுத்தனியா?" என்று இங்கிருந்து நாம் கேட்கும் ஒரு கேள்வி ஒருவர் உயிரைக் காக்கலாம்.

அடியார்களே, சூடு மிதிக்கும் களத்திலே நெல்லை நெல்லென்று சொல்லமாட்டார்கள், பொலி என்பார்கள். பொலி என்றால் பெருகுவது. பங்கு கொடுக்கக் கொடுக்கப் பெருகும் என்பதே நாம் அதில் காணும் பொருள். அரிவாட்டாயர் உயர்ந்ததைக் கொடுத்து எஞ்சியதை உண்டார். நாமோ எல்லாம் பெற்றிருக்கின்றோம். எஞ்சியதைக் கொடுத்தாலே பலர் வீட்டில் பானை பொங்கும்.

இவ்வாண்டு பால் பொங்கும்போது பிள்ளைகள் "இது யாருடைய அறுவடை?" என்று கேட்டால், எமது வயலை உழுபவரின் பெயரைச் சொல்வோம். அவர் வளர்க்கும் மாட்டின் பெயரையும் சொல்வோம். பெயர் தெரியாவிட்டால் பொங்கலுக்கு முன் ஊருக்கு எடுத்துக் கேட்டு அறிந்துகொள்வோம்.

பொலி பொலிக! பட்டி பெருகுக! எல்லாம் வல்ல எம்பெருமான் வயலிலும் தொழுவத்திலும் எழுந்தருளி அனைவரையும் காத்தருள்வாராக.

திருச்சிற்றம்பலம்.