பங்காளிச் சாமி

கும்பாபிஷேகக் கூட்டத்தில் மூன்றாவது விஷயமாகத்தான் அது வந்தது. மண்டபக் கூரை ஒழுகுகிறது, விமானத்தில் சுதை உதிர்கிறது, ஸ்தபதி கொடுத்த மதிப்பீடு கையில் இருக்கிறது. பணம்தான் இல்லை. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒருத்தர் 25,000 வெள்ளி தர்றேன்னு சொல்லியிருக்காரு" என்றார். பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் தோட்டத்தில் அவ்வளவு பணத்தை ஒரே கையால் எடுத்து நீட்டக்கூடியவர் ஒருவர்தான். வட்டிக்காரர்.

கேமரன் மலையில் தேயிலைக்கு நடுவில் இருக்கிற மாரியம்மன் கோயில் எங்களுடையது. நான் அதன் பொருளாளர். இஞ்சினியர் என்றால் கணக்கு தெரியும் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஈப்போவில் ஒரு ஆலையில் வேலை. மாதம் இரண்டு முறை சிம்பாங் பூலாய் பாதையில் ஏறி வந்து ரசீதுப் புத்தகத்தைச் சரிபார்ப்பேன். அன்றைக்கும் அதற்காகத்தான் வந்திருந்தேன்.

"அந்தக் காசு வேணாமே" என்றேன்.

யாரும் கோபப்படவில்லை. பக்கத்தில் இருந்த மாமா, பசுமரத்தில் தொடங்கிப் பென்ஷன் வரை இதே தோட்டத்தில் வெட்டியும் பறித்தும் ஓய்ந்தவர், மெதுவாகச் சொன்னார்: "அவரு காசா அது? நம்ம காசுதானே தம்பி. சாமிக்கே திரும்பி வருது, வரட்டுமே."

அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

*

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருஷம் பி.டி.பி.டி.என். கடன் கைக்கு வர நாளாகும் என்றார்கள். பதிவுக் கட்டணம், ஹாஸ்டல், ஒரு மடிக்கணினி. அம்மா அவரிடம் 2,000 வெள்ளி வாங்கினார். மாதம் 10 வட்டி. அடமானம் அம்மாவின் பேங்க் கார்டு. சம்பளம் ஏறுகிற அன்று கார்டைப் போட்டு அவரே எடுத்து, 200 வெள்ளி கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். அசல் அப்படியே நிற்கும். இப்படி 36 மாதம். அதாவது 7,200 வெள்ளி. கடைசியில் அப்பாவின் ஈ.பி.எஃப். பணம் வந்தபோதுதான் அசலை அடைத்துக் கார்டை மீட்டோம்.

அதே 2,000-க்கு அரசாங்கக் கல்விக் கடனின் ஒரு சதவீதக் கட்டணப்படி மூன்று வருஷத்துக்கு 60 வெள்ளிதான் ஆகியிருக்கும். உரிமம் பெற்ற வட்டிக்கடை என்றால் 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் உச்சம், 1,080 வெள்ளி. ஆனால் அந்த ஜூலை மாதத்தில், அந்த வாரத்தில், லயத்துக்கு வந்து பணத்தை எண்ணி வைத்தவர் அவர் ஒருவர்தான். இதையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதுகிறவன் ஆகமாட்டேன். என் பட்டத்தில் அவருடைய 2,000 இருக்கிறது.

ஆகவே அவர் கெட்டவரா என்பது என் கேள்வி இல்லை. அவருடைய லாபத்தில் அம்மனுக்குப் பங்கு உண்டா என்பதுதான் கேள்வி. பங்கை வாங்கிக்கொண்டால் அம்மன் அவருக்கு என்ன ஆகிறாள்?

*

தமிழில் வணிகர்களும் சாமியும் பழைய சிநேகிதம். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் ஐந்து மன்றங்கள் வருகின்றன. அதில் வெள்ளிடை மன்றத்தில் வணிகர்களின் பொதிகள் பெயரும் அளவும் எழுதிய குறியோடு காவலே இல்லாமல் கிடக்கும். யாராவது திருட நினைத்துத் தூக்கினால், கழுத்து ஒடிகிற அந்தச் சுமையோடு மன்றத்தையே சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான். பூத சதுக்கத்தில் இருக்கிற பூதம் பொய்ச்சாட்சி சொல்கிறவர்களையும் புறங்கூறுகிறவர்களையும் கயிறு வீசிப் பிடித்துத் தின்றுவிடும்.

படிக்கும்போது சிறுவர் கதை மாதிரி இருக்கும். ஆனால் ஒரு துறைமுக ஊருக்கு இது எவ்வளவு தேவையான கற்பனை என்று பாருங்கள். மொழி தெரியாத, முகம் தெரியாத ஆட்கள் வந்து போகிற இடம். அங்கே சரக்கு நடமாட வேண்டுமானால் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கை வேண்டும். புகாரின் பூதம் யாருக்கும் கூட்டாளி இல்லை. எந்தப் பொதியிலும் அதற்குப் பங்கு கிடையாது. அதனால்தான் எல்லோரும் அதற்குப் பயப்பட்டார்கள்.

பிறகு ஒரு கட்டத்தில் சாமி கடைக்குள்ளேயே வந்து உட்காருகிறார். நாட்டுக்கோட்டை நகரத்தார் பழனிக்கு உப்பு வணிகம் செய்யப் போன காலத்துக் கதைகள் இதைச் சொல்கின்றன. விற்பதில் ஒரு பங்கு பழனியாண்டவருக்கு என்று ஒதுக்கினார்கள். மகமை என்பது இதுதான். குன்றக்குடியிலிருந்து பழனிக்குத் தைப்பூசத்துக்கு அவர்கள் காவடி எடுத்து நடப்பது நூற்றாண்டுகளாக இன்றும் தொடர்கிறது. கப்பலேறி வந்தபோது முருகனையும் கூட்டிவந்தார்கள். பினாங்கில் தண்ணீர்மலைக் கோயில் 1857-இல் எழுந்தது. தைப்பூசத்துக்குப் பினாங்கு ஸ்ட்ரீட்டிலிருந்து புறப்படுகிற வெள்ளி ரதம் 1894-இல் கப்பலில் வந்து இறங்கியது.

அந்தத் தெருக்களில் இருந்த கிட்டங்கிகளைப் பற்றி வாசிக்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே நீளமான கூடத்தில் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாய், ஒரு மரப்பெட்டி, சுவரில் ஒரு சாமி படம். மேலாள், அடுத்தாள், ஊரிலிருந்து வந்த பெட்டியடிப் பையன். பேரேட்டில் முருகனுக்கு மனிதர்களைப் போலவே ஒரு கணக்கு. மகமைப் பணம் அதில் வரவாகும். சும்மா கிடக்காது, அதுவும் வட்டிக்குப் போகும், வட்டியோடு திரும்பும். ரங்கூனில் மாதம் ஒருமுறை கோயிலில் கூடித்தான் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கான நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். சன்னிதிக்கு முன்னால் நிர்ணயித்த விகிதம். அதைத் தாண்டி யாரும் பேசமாட்டார்கள்.

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. இஞ்சினியராக எனக்கு இது ஒரு அபாரமான அமைப்பு. போலீசும் நீதிமன்றமும் எட்டாத தூரத்தில், வாய்வார்த்தையில் லட்சங்கள் நடமாட ஒரு பொதுச் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியே கணக்கு வைத்திருப்பவராகவும் இருந்தால் யாரும் ஏமாற்றத் துணியமாட்டார்கள். அந்தப் பணத்தில் சத்திரங்கள் வந்தன, பள்ளிகள் வந்தன. கேமரன் மலையில் ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய அதே 1929-இல்தான் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. அதன் பின்னால் இருந்தது ஒரு செட்டியார் வங்கியாளரின் பணம். வட்டியிலிருந்து வந்த பல்கலைக்கழகத்தில் எத்தனை ஏழை வீட்டுப் பிள்ளைகள் படித்திருப்பார்கள்!

*

ஆனால் 1929-க்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த வருஷம் உலகச் சந்தை சரியத் தொடங்கியது. அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் அரிசி விலை விழுந்தது. கீழ் பர்மா விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. அங்கே முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்களிடம் இருந்தது சுமார் 6 சதவீத நிலம். 1937-இல் அது 25 சதவீதம். பெரும்பாலான செட்டியார்கள் நிலத்தைக் கேட்கவே இல்லை, பணம்தான் கேட்டார்கள். பணம் இல்லாத இடத்தில் நிலம் வந்து சேர்ந்தது. யாரும் பொய்க்கணக்கு எழுதாமல், யாரும் ஏமாற்றாமல், ஒரு நாட்டு உழவர்களின் வயலில் கால்பங்கு கைமாறிவிட்டது. பின்னால் 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது கொடுத்தவர்களே எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்து தப்பித்தார்கள் என்பதும் அந்தக் கதையில் உண்டு.

நான் யோசிப்பது அந்த ஏழு வருஷத்தைப் பற்றி. அப்போது ஒரு பர்மிய உழவன் முருகன் கோயில் வாசலில் வந்து நின்று "இது நியாயமா?" என்று கேட்டிருந்தால் முருகன் என்ன சொல்லியிருப்பார்? அவருக்கும் பேரேட்டில் கணக்கு இருக்கிறதே.

எங்கள் ஆலையில் ஒரு விதி உண்டு. தரப் பரிசோதகர் உற்பத்தி மேலாளருக்குக் கீழே வேலை செய்யக்கூடாது. உற்பத்திக்குக் கொடுக்கிற போனஸ் அவருக்குக் கிடையாது. அவர் நல்லவரா கெட்டவரா என்பதே பேச்சு இல்லை. எண்ணிக்கை கூடினால் தனக்கும் ஆதாயம் என்றால், எவ்வளவு நேர்மையான ஆளுக்கும் குறையுள்ள பொருள் கொஞ்சம் குறையில்லாததாகத் தெரிய ஆரம்பிக்கும்.

புகாரின் பூதம் பரிசோதகர். கிட்டங்கியின் முருகன் பங்காளி. இரண்டு வேலையையும் ஒரே சாமியால் பார்க்க முடியுமா? தங்களுக்குள் ஏமாற்றாமல் இருக்க அந்த முருகன் நகரத்தாருக்கு உதவினார். ஆனால் கூடத்துக்கு வெளியே நிற்கிற கடன்காரனுக்காகப் பேச அவருக்கு வாய் இல்லாமல் போய்விட்டது. அவனுக்கு அங்கே கணக்கு இருந்தது கடன்காரனாக மட்டும்தான்.

கூட்டு வியாபாரம் என்றால் நட்டத்திலும் பங்கு உண்டு. மகமை லாபத்தில் மட்டும்தான் வெட்டப்பட்டது. கட்ட முடியாதவன் வீட்டில் அடுப்பு எரியாத நாளில் பாதி சாமி கணக்கில் எழுதப்பட்டதாக நான் எங்கும் படித்ததில்லை.

*

எங்கள் அம்மன் கதை வேறு. செட்டியாரின் முருகனுக்குக் கடைவீடுகள் உண்டு, வாடகை உண்டு. சாமி ஒரு சட்டபூர்வ நபர் என்று 1925-இல் லண்டன் பிரிவி கவுன்சிலே ஓர் இந்திய வழக்கில் சொன்னது. சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். மாரியம்மனுக்கோ நிற்கிற மண்கூடச் சொந்தமில்லை. தோட்டத்து நிலம். பாட்டி காலத்தில் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனவர்கள், செக்ரோலில் மாதாமாதம் கோயிலுக்கென்று பிடிக்கச் சொல்லிக் கட்டிய கோயில் அது. லாபத்தில் பங்கு இல்லை, கூலியில் பிடித்தம். பனி கொட்டுகிற காலையில் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு சரிவில் நின்ற நேரத்தின் விலை.

அந்தப் பெண்கள் அவளிடம் பங்கு பேசியதில்லை. பிள்ளைக்கு அம்மை இறங்கணும், அவர் குடிக்காமல் வரணும், கார்டு திரும்பி வரணும். அம்மா அந்த 36 மாதமும் வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டது எனக்குத் தெரியும். புகாரில் ஐந்தாவதாகப் பாவை மன்றம் என்று ஒன்று வருகிறது. நாட்டில் நீதி பிழைத்தால் அங்கிருக்கும் பாவை வாய் திறந்து பேசாது, கண்ணீர் விடும். எங்கள் அம்மன் அந்தப் பாவைக்குச் சொந்தக்காரி என்று எனக்குத் தோன்றும். அழுகிறவர்கள் வந்து நிற்கக்கூடிய இடம் ஒன்று வேண்டும். அந்த இடத்தின் வாசலில், அழவைத்தவர் பெயரைப் பளிங்கில் வெட்டி வைத்தால் அவர்கள் எந்தப் பக்கம் திரும்பி நிற்பார்கள்?

ஆலையில் என்னோடு வேலை செய்யும் மலாய் நண்பனிடம் இதைச் சொன்னேன். அவர்களிடமும் இதே கேள்வி உண்டாம். வட்டியாக வந்த பணத்தை என்ன செய்வது? பொதுக் கழிப்பறை, சாலை என்று பொதுக் காரியத்துக்குக் கொடுத்துத் தொலைத்துவிட வேண்டும். ஆனால் புண்ணியம் கிடைக்கும் என்று நினைக்கக்கூடாது என்றுதான் உஸ்தாஸ்கள் பலர் சொல்வார்களாம். எனக்கு அது பிடித்திருந்தது. பணத்தைக் கழிக்கலாம், பணத்தோடு சேர்த்துப் பாவத்தையும் கழிக்க முடியாது. பெயர்ப்பலகைக்கு அதில் இடமே இல்லை.

*

அடுத்த கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். "25,000-ஐ அவரு கோயிலுக்குத் தரவேணாம். அவரு நோட்டுல நம்ம லயத்து ஆளுங்க பேர்ல இருக்கிற கடன்ல கழிச்சிக்கட்டும். கார்டுகளைத் திருப்பிக் குடுக்கட்டும். அம்மனுக்குக் குடுத்த மாதிரியே நான் ரசீது போட்டுத் தர்றேன்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வெளியே மழை, மண்டபத்தில் வழக்கமான இடத்தில் வைத்த வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. தலைவர் கேட்டார்: "நல்ல பேச்சுதான். போய் அவருகிட்ட நீ சொல்றியா தம்பி?"

நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஈப்போவுக்கு இறங்கிவிடுகிறவன் நான். கார்டு அவரிடம் இருக்கிறவர்கள் திங்கட்கிழமையும் அங்கேதான் இருப்பார்கள். என் நியாயத்தின் விலையை அவர்கள் கட்ட வேண்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி பயம்.

பணம் வந்தது. ரசீதில் கையெழுத்துப் போட்டது நான்தான். பளிங்குக் கல் மட்டும் வேண்டாம் என்று கடைசிவரை நின்றேன். அதில் இரண்டு பேர் என்னோடு சேர்ந்துகொண்டார்கள், கல் வரவில்லை. பணத்தை வாங்கியது சரி என்று இன்றும் நான் நினைக்கவில்லை. மாமா சொன்னதற்கும் இப்போது ஒரு பதில் இருக்கிறது: நம்ம காசுதான் மாமா, அதனால்தான் அது முதலில் நம்மிடம் திரும்பி வந்திருக்க வேண்டும். நாம் விரும்பினால் நாமே அம்மனுக்குக் கொடுத்திருப்போம்.

போன வாரம் அம்மாவோடு கோயிலுக்குப் போனேன். புதுக் கூரை போட்டாகிவிட்டது. அம்மா கும்பிட்டு முடித்து அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நல்லாத்தான் போட்டிருக்காங்க. கணக்கு எழுதுறவன்தானே நீ, இதுல நம்ம பங்கு எவ்வளவு வருதுன்னு பாரேன்" என்றார், சிரித்துக்கொண்டே.

7,200-ஐ 25,000-ஆல் வகுத்தேன். நூற்றுக்கு 29 பங்கு, கொஞ்சம் குறைய. அம்மாவிடம் சொல்லவில்லை.