பாலாவிக் கரையில் அறிந்தது



தாயுந் தந்தையுங் கண்கண்ட தெய்வங்களென்று மேடைதோறும் பேசுகின்றோம். அத்தெய்வங்கள் இரண்டும் தம்முள் எவ்வாறு வாழ்ந்தனவென்று மக்களாகிய நாம் ஆராய்ந்தறிதலோ அரிது. அடியேன் என் அறுபதாவது வயதிலேதான் அதனைச் சிறிது அறியப்பெற்றேன்.

அதனைச் சொல்லுமுன் ஒரு சரித்திரத்தை நினைவூட்ட வேண்டும். சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்திலே, தில்லைவாழந்தணர் புராணத்தை அடுத்து நிற்பது திருநீலகண்ட நாயனார் புராணம். தனியடியார்களுள் முதலில் வைக்கப்பெற்ற சரித்திரம், கணவனும் மனைவியும் பிணங்கிய சரித்திரமாயிருத்தல் கருதத்தக்கது. குயவராகிய அந்நாயனார் அடியார்க்குத் திருவோடு வழங்கித் தில்லையிலே வாழ்ந்தவர். இளமை மயக்கத்தாற் பரத்தைபாற் சென்று மீண்டார். மனைவியார் இல்லத்துப் பணிகளிற் குறைவைத்திலர். ஆயினும் தம்மைத் தீண்டலாகாதெனத் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார். அவர் தம்மைப் பன்மையாற் கூறியமையால், நாயனார் எம்மாதரையும் மனத்தினாலுந் தீண்டேனென்று உறுதிகொண்டார்.

பிரசங்கிகள் பலரும் இவ்விடத்தில் நாயனாருடைய உறுதியையே வியப்பர். அடியேன் வியப்பது வேறு. அவ்விருவரும் ஒரே மனையில், அயலார் ஒருவரும் அறியாவண்ணம், மூப்பெய்துங்காறும் வாழ்ந்தனர். அவ்வம்மையார் கணவரைக் கண்டிக்க அஞ்சினாரல்லர். அவரை ஊரார் வாயிலே இடவுமில்லை. கண்டித்தல் எளிது, மறைத்தலும் எளிது. இரண்டினையும் ஒருங்கே செய்தலன்றோ அரிது! இறைவன் சிவயோகியாராய் எழுந்தருளி, ஓட்டினைக் கொடுத்து மறைத்து, மனைவியின் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியஞ் செய்யென்று வழக்கிட்டபோதுதான் அம்மறை வெளிப்பட்டது. மூங்கிற் கோலொன்றின் இருமுனையையும் இருவரும் பற்றி நின்று, நாயனாரே எல்லாரும் அறியத் தங்குற்றத்தைச் சொன்னார்.

இனி, என் பெற்றோர் செய்தி. அவர்களுக்கு விவாகம் நிகழ்ந்தது 1962ஆம் ஆண்டு. மாதோட்டத்திலே, கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல் சிறிது உடையர். 1964ஆம் ஆண்டு மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அழித்து மன்னார்க் கரையையும் வருத்தியபோது கூரையிழந்து, ஒரு பனையோலைக் கொட்டிலில் மீளத் தொடங்கிய குடும்பம் எங்களது.

எனக்குப் பத்து வயதளவில் வீட்டில் ஒரு மாற்றம் உண்டாயிற்று. தீபாவளிக்குப் புத்தாடை நின்றது. அம்மாவின் காதிலுங் கையிலும் ஒன்றுமில்லை. கேட்டால், பொன் அணிந்தால் தமக்குத் தோலிற் கடியென்பார். ஐயாவோ வாய் திறவார். ஐயாவை உலோபியென்று உள்ளத்தே எழுதிக்கொண்டேன். படித்து உத்தியோகம் பெற்றபின்னும் அவ்வெழுத்து அழியவில்லை. பணம் அனுப்புங்கால் அம்மா பெயருக்கே அனுப்பினேன். அதனை ஐயா அறிந்திருந்தாரென்பதை இப்பொழுது நினைக்க உடல் கூசுகின்றது.

1990ஆம் ஆண்டு போர் மூண்டபோது, மன்னார்க் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வள்ளமேறி இராமேச்சுரத்துக்குப் போயினர். என் பெற்றோரும் அவ்வாறே சென்று மண்டபம் முகாமிற் சில வருஷம் இருந்தனர். ஞானசம்பந்தப் பிள்ளையாரும் சுந்தரமூர்த்தி நாயனாரும் இராமேச்சுரத்திலிருந்தே திருக்கேதீச்சரத்தைப் பாடினரென்பது நீங்கள் அறிந்ததே. அதே கரையில் மாலைதோறும் நின்று, ஐயா அப்பதிகங்களை ஓதுவாராம். அடி மறந்த இடத்தில் அம்மா எடுத்துக்கொடுப்பாராம். அம்மாவுக்குப் பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பல்லாண்டு பக்கத்திருந்து கேட்டே இரண்டு பதிகமும் பாடமாயின.

2022ஆம் ஆண்டு ஆடி மாதத்துக்குச் சற்று முன் கருங்கற் றிருப்பணி நிறைவேறித் திருக்கேதீச்சரத்திற் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டு மகாசிவராத்திரிக்கு எல்லோருஞ் சென்றோம். பாலாவியில் நீர்முகந்து மகாலிங்கப் பெருமானுக்கு அடியார்கள் தங்கையாலே அபிஷேகஞ் செய்யும் இரவு அது. கரையில் இருந்தபொழுது, பேரப்பிள்ளை ஒருத்தி பாட்டியின் வெறுங் காதைத் தொட்டு, ஏன் தோடில்லையென்று கேட்டாள். அம்மா வழக்கம்போலத் தோலிற் கடியென்றார்.

ஐயா தலையசைத்து மறுத்தார். சினேகிதர் ஒருவரின் கடனுக்குத் தாம் பிணைநின்றதையும், வேண்டாமென்று அம்மா தடுத்ததையும், தடையை மீறிக் கையொப்பமிட்டதையும், அவர் ஊரைவிட்டுப் போனதையும், வயல் ஏலத்துக்கு வாராமல் அம்மா தாலிக்கொடி ஒழிய மற்றெல்லாங் கழற்றிக் கொடுத்ததையும் எங்கள் எல்லார் முன்னுஞ் சொன்னார். “உங்கள் அம்மா அந்தக் காலபோகம் முடியும்வரை என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. சோறுமட்டும் நேரத்துக்கு வந்தது,” என்று நகைத்தார்.

அக்காலத்தில் ஓரறை வீட்டில் அவர்களோடிருந்த ஐந்து பிள்ளைகளில் ஒருவரேனும் அதனை அறிந்திலோம். மனைவி இவ்வாறு மறைத்தல் தகுமோ, பிள்ளைகளை அறியாமையில் வைத்தல் நீதியோவென்று இக்காலத்தார் வினவலாம், அடியேனும் வினவினேன். “பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தால் நீங்கள் அவரை மதித்திருப்பீர்களோ?” என்றார் அம்மா. மதியாதே இருந்தேனென்பது அவருக்குத் தெரியாது போலும். அன்றித் தெரிந்துதான் கேட்டாரோ!

“அதெல்லாந் தீர்ந்த கணக்கு, எழும்புங்கோ,” என்று அம்மா குடத்தை முகந்தார். ஐயாவின் கை நடுங்கிற்று. இருவரும் ஒரு குடத்தை ஆளுக்கொரு பக்கமாகப் பற்றி மகாலிங்கத்தின்பால் நடந்தனர். அடியேன் பின்சென்றேன். ஐயாவிடம் மன்னிப்புக் கேட்க அன்று நா எழவில்லை; இன்றுவரை எழவில்லை.

இந்தச் சஞ்சிகை மாதந்தோறும் அவர்கள் வீட்டுக்குப் போகின்றது. ஐயாவுக்குக் கண் மங்கிவிட்டமையால் அம்மாவே எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுவார்.