லெஜெண்டும் ஐதிகமும்

சைவாசிரியர்களே,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தின் வரலாற்றை மாணாக்கர்க்குச் சொல்லி வந்தோம். பறங்கித் தலைவன் இகழ்ந்து வினாவக் கல் நந்தி எழுந்து புல்லுண்டது என்றதும் ஒரு சிறுவன், “ஐயா, இது லெஜெண்ட் தானே?” என்றான். பொய்தானே என்பது அவன் கருத்து. யாமும் மிஷன் பாடசாலையில் அச்சொல்லை அப்பொருளிலேயே கற்றோமாதலின் விடையிறுக்க நா எழவில்லை.

பிறந்த இலத்தீனில் அச்சொற்குப் ‘படிக்கற்பாலன’ என்பதே பொருள். ஐரோப்பியக் கிறித்தவ மடங்களில் அடியார் சரிதங்கள் அவரவர் திருநாளில் ஓதப்பட்டு அப்பெயர் பெற்றன. 16ஆம் நூற்றாண்டிலே சீர்திருத்தச் சபையார் அவற்றை மறுத்த பின்னரே சான்றில்லாக் கதை என்னும் பொருள் மேலோங்கிற்று. நாணயத்திற் பொறித்த எழுத்துக்கும் தேசப்படத்தின் குறிவிளக்கத்துக்கும் இன்றும் அதுவே பெயர், அவை பொய்யல்லவே!

நம் சொல் ஐதிகம். ‘இவ்வாறென்ப’ என வழிவழி கேட்டு வருவது. அவர்க்கு ஏடு, நமக்குச் செவி. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரிலே, பிறர் கூறும் அளவைகளோடு அதனையும் எண்ணி, யாவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். எள்ளி எறியவுமில்லை, தனித்து நிற்க விடவுமில்லை.

மறுநாள் அச்சிறுவனை அழைத்து, “இது கல்வெட்டுச் செய்தியன்று, ஐதிகம், யாம் எம் பாட்டியார்வாய்க் கேட்டது. நீயும் உன் அம்மம்மாவைக் கேட்டு, அவர் யாரிடம் கேட்டாரென்பதையும் எழுதி வா” என்றோம். இரண்டு பக்கம் எழுதி வந்தான். அதில் நந்தி புல்லுண்டதோடு நில்லாமற் பறங்கியனை உதைத்துமிருந்தது.