மீண்டு வந்த நோயும் நம்பிக்கையின் அறமும்

கொட்டாஞ்சேனைக்கும் மகரகமவுக்கும் இடையே ஓடும் 112 ஆம் இலக்கப் பேருந்தில், மருத்துவக் கோப்பை மடிமீது வைத்துச் செல்வோரைக் காணலாம். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து, கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ உறவினர் வீடுகளில் தங்கியிருப்போர் அவருட் பலர். சிலர் இச்சிகிச்சையை இரண்டாம் முறையாகத் தொடங்குபவர். முதன்முறை அறியாமையேனும் அவர்க்குத் துணையாயிருந்தது. இம்முறை அத்துணையும் இல்லை. மயிர் உதிர்வதும் உணவு கசப்பதும் அவர் முன்னரே அறிந்தவை. அவர்கள் சென்றடையும் அரச வைத்தியசாலை இன்று தாங்கும் பெயர் 'அபேக்ஷா'. சிங்களத்தில் அச்சொல் நம்பிக்கையை, எதிர்பார்ப்பைக் குறிக்கும். நோய் மீண்ட ஒருவர் மறுபடியும் நம்புதல் அறிவுடைமையா, தன்னைத் தானே ஏமாற்றுதலா? இங்கு ஆராயப்படும் வினா இதுவேயாம்.

"மனத்தைத் திடப்படுத்தினால் நோய் தானே விலகும்" என்பது காண வருவோர் கூறும் ஆறுதல். அன்பினாற் கூறப்படினும் அதனுள் ஒரு குற்றச்சாட்டு மறைந்துள்ளது. நோய் மீண்டால், மனந்தளர்ந்தமையே காரணம் என்றாகிவிடுகின்றது. மருத்துவம் கூறுவதோ வேறு. முதற் சிகிச்சைக்குத் தப்பிய சில கலங்கள், கருவிகளுக்கும் புலனாகாது உடலில் எஞ்சிப் பின்னர் பெருகுதலே மீள்வருகையாகும். அதில் நோயாளரின் ஒழுக்கக் குறை எதுவுமில்லை. நோயை நோயாளரின் மனவியல்பிற்கு உரியதாக்கும் போக்கைச் சூசன் சொன்ராக் 1978 இல் வெளியிட்ட 'உருவகமாக நோய்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலிற் கண்டித்தார். அவர் 1975 இல் தாமே புற்றுநோய்க்கு ஆளானவர்.

ஆயின், நோயைத் தீர்க்காத நம்பிக்கையால் வரும் பயன் யாது? தமிழ்ப் பெயர் தாங்கிய ஒருவரின் வாழ்வு இதற்கு விடைகாண உதவும். போல் கலாநிதி தென்னிந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவிற் பிறந்தவர். கலாநிதி என்பது இங்கே பட்டமன்று, குடும்பப் பெயர். ஆங்கில இலக்கியம் கற்றுப் பின்னர் மருத்துவராகி, ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் அறுவை மருத்துவப் பயிற்சியின் இறுதிக் கட்டத்தில் இருந்தார். 2013 இல், 36 ஆவது வயதில், அவருக்கு நுரையீரற் புற்றுநோய் முற்றிய நிலையிற் கண்டறியப்பட்டது. மாத்திரைச் சிகிச்சையாற் கட்டிகள் சுருங்கின; அவரும் அறுவைக் கூடத்துக்குத் திரும்பினார். 2014 இல், பயிற்சி முடியுந் தறுவாயில், நுரையீரலிற் புதிய கட்டி தோன்றியது. அறுவைத் தொழிலை விடுத்து இரசாயனச் சிகிச்சையை ஏற்றார், எழுத்தைத் தொடர்ந்தார். அவ்வாண்டு யூலையில் அவருக்கு மகள் பிறந்தாள். 2015 மார்ச்சில், செயற்கைச் சுவாசக் கருவியை மறுத்து, அவர் உயிர்நீத்தார். முற்றுப்பெறாத அவரது நூல் 2016 இல் வெளிவந்தது.

நம்பிக்கை என்பது எதிர்காலத்தைக் கணித்தல் என்றால், அவர் நம்பிக்கை பொய்த்தது எனலாம். ஆனால், தாம் எத்துணைக் காலம் வாழ்வார் என்று புள்ளிவிபரம் கேட்டபோது அவருடைய மருத்துவர் எண்களைக் கூறவில்லை. அவர் எதை மிக மதிக்கிறார் என்றே வினவினார். எண்கள் பலரைப் பற்றிப் பேசுவன. அவற்றுள் தான் எங்கே நிற்பது என்பதை எவரும் அறியார். எனவே நம்பிக்கை முடிவு பற்றிய அறிவன்று. கிடைக்கும் காலத்தைச் செயலுக்கு உரியதாக்கும் துணிவு ஆகும். உண்மையை மறைக்க வேண்டிய தேவை அதற்கில்லை. கலாநிதி இறுதியிற் கருவியை மறுத்ததும் அத்துணிவுக்கு முரணானதன்று.

வள்ளுவர் அதிகாரங்களை அமைத்த முறையும் இங்கே நினைக்கத்தக்கது. அறத்துப்பால் 'ஊழ்' என்னும் அதிகாரத்தோடு முடிகின்றது. துன்பத்திற் கலங்காமையைக் கூறும் 'இடுக்கணழியாமை' துறவறத்தில் வைக்கப்படவில்லை. பொருட்பாலில், முயற்சியைக் கூறும் 'ஆள்வினையுடைமை'யை அடுத்தே வருகின்றது. கலங்காமை செயலை விட்டு ஒதுங்குதலன்று, செயலின் தொடர்ச்சியே என இதனைக் கொள்ளலாம்.

எனினும், நம்பிக்கை பிறரால் விதிக்கப்படும் கடமையாகலாகாது. அஞ்சி அழுபவர் கோழையல்லர்; போதும் என்பவரும் தோற்றவரல்லர். நம்பும் கடமை நோயாளருக்கு இல்லையாயினும், துணைநிற்கும் கடமை சுற்றத்தாருக்கு உண்டு. வெள்ளவத்தை வீடொன்றில் தாயொருத்தி மறுபடியும் கோப்பை எடுத்து வைக்கும்போது, "நீங்கள் வெல்லுவீங்கள்" என்பதினும், "அம்மா, நாளைக்கு நானும் வாறன்" என்று மகன் கூறுவதே மெய்யான சொல். முன்னையது எவராலும் உறுதிகூற இயலாதது. பின்னையது அவனால் நிறைவேற்றக்கூடியது.