விரும்பி அணையும் இருள்

அச்சத்தை விலக்கி வாழ்வதிலேயே ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிடும் மனிதன், அந்த அச்சத்தையே விலை கொடுத்து வாங்கி வந்து, விளக்கைத் தணித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் அதற்குச் செவிகொடுத்து அமர்ந்திருப்பது ஏன் என்னும் வினா என் உள்ளத்தில் நெடுநாளாகக் குடிகொண்டிருக்கிறது. இருளும் சோகமும் தோய்ந்த கடும் ராக் இசை வகையாகிய காதிக் பிளாக் மெட்டலில் எனக்குள்ள ஈடுபாடே இவ்வினாவுக்குக் காரணம். வெறும் இரைச்சல் என்று பலர் முகம் சுளித்து விலகும் அவ்விசைத்தட்டுகளில், துக்கத்துக்கும் பயங்கரத்துக்கும் கம்பீரமானதோர் இருப்பிடம் அமைந்திருப்பதாகவே நான் கருதுகிறேன்.

இந்த வகைக்கு நெருங்கிய உறவாக, நார்வேயின் 'எம்பரர்' குழு பெர்கன் நகரின் கிரீக்ஹாலன் இசையரங்கில் ஒலிப்பதிவு செய்து 1994-இல் வெளியிட்ட 'இன் தி நைட்சைட் எக்லிப்ஸ்' என்ற தட்டைச் சொல்லலாம். டிரம்ஸ் இமைப்பொழுதும் ஓயாமல் இடிக்க, கிதாரின் தந்தி இடையறாது படபடக்க, குரலோ சொல்லின் உருவத்தையே சிதைத்து ஓலமிட, முதன்முறை கேட்பவர் இதில் வேகத்தையன்றி வேறெதையும் உணரார். ஆனால் செவி சற்றுப் பழகியபின், அவ்வேகத்துக்கு அடியில் கீபோர்டு எழுப்பும் சுர அடுக்குகள் எத்துணை நிதானமாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்கின்றன என்பது புலப்பட, சாய்ந்தடிக்கும் மழைக்குப் பின்னே அசையாது நிற்கும் மலையைக் கண்டது போன்ற அமைதி உண்டாகிறது. கலவரமும் சாந்தமும் ஒரே கணத்தில் நிலவும் இந்த அனுபவத்தை வேறெந்தச் சங்கீதத்திலும் நான் இவ்வளவு தீவிரமாக அடைந்ததில்லை.

ஆயினும், இந்தச் சௌந்தரியத்தைப் புகழ்கிறவன் மறைக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. அக்குழுவினருள்ளேயே ஒருவர் தேவாலயத்துக்குத் தீயிட்டதற்காகவும், மற்றொருவர் கொலைக்காகவும் தண்டிக்கப்பட்டனர். இருளைக் கலையாக வடிக்கும் ஆற்றல் பெற்றிருந்தும், அதைக் கலையின் எல்லைக்குள் நிறுத்தும் விவேகம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. இசையின் மேன்மை அக்குற்றங்களைக் கழுவிவிடும் என்று நான் ஒருபோதும் சொல்லேன்.

அந்த எல்லையே இவ்விஷயத்தின் உயிர்நாடி. வாழ்வில் நேரும் துன்பம் நம் சம்மதத்தைக் கேட்பதில்லை, எப்போது முடியும் என்று அறிவிப்பதுமில்லை. கலையில் வரும் துன்பத்துக்கோ தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, நடுவே எழுந்து போகும் சுதந்திரமும் உண்டு. ஆகவே, வாழ்வில் நம்மை ஓடச் செய்யும் ஒன்றைக் கலையில் நின்று நிதானித்து நோக்க முடிகிறது.

அவ்வாறு நோக்குவதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இங்கிலாந்தின் 'க்ரேடில் ஆஃப் ஃபில்த்' குழு 1998-இல் வெளியிட்ட 'க்ரூயல்டி அண்ட் தி பீஸ்ட்' என்ற இசைத்தட்டு, இளம்பெண்களை வதைத்துக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தன் கோட்டையிலேயே அடைக்கப்பட்டு 1614-இல் மாண்ட ஹங்கேரியச் சீமாட்டி எலிசபெத் பாத்தோரியைப் பற்றியது. அவள் குருதியில் நீராடினாள் என்பது அவள் இறந்து நூறாண்டுக்குப் பின் அச்சேறிய கட்டுக்கதை. அக்கதையின் மாயையையே இசைத்தட்டும் தழுவிக்கொண்டது. அதில் சீமாட்டியின் குரலாகப் பேசுபவர், 1971-ஆம் ஆண்டின் 'கௌண்டஸ் டிராகுலா' திரைப்படத்தில் அதே சாயலுள்ள பாத்திரத்தை ஏற்ற நடிகை இங்ரிட் பிட். இவர் குழந்தைப் பருவத்தில் தாயுடன் ஸ்டுட்ஹோஃப் நாஜி வதைமுகாமில் அடைபட்டு, உயிர் பிழைத்து மீண்டவர். பயங்கரத்தை ரசிப்போர் துன்பமறியாத சுகவாசிகள் என்று யாரேனும் வாதிட்டால், மெய்யான கொடுமையைக் கண்ணெதிரே கண்டும், அறுபதை ஒட்டிய வயதில் பாவனையான கொடுமைக்கு மனமுவந்து குரல் ஈந்த இப்பெண்மணியையே நான் பதிலாகச் சுட்டுவேன்.