இல்லறத்தார்க்குத் துப்பாக்கி துணையாகுமா?

கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நம் இல்லங்களில் கொல்லும் கருவிக்கு இடம் உண்டா? முன்னொரு காலத்தில் இக்கேள்வியை எவரேனும் எழுப்பியிருந்தால் வீண் கேள்வி என்று தள்ளியிருப்போம். இன்று அவ்வாறு தள்ள இயலவில்லை. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் ஆகிய வட்டாரங்களில் நம்மவர் வாழும் சிற்றூர்களைப் பாருங்கள். நான்கு தலைமுறைகள் கூடி வாழ்ந்த பெரிய வீடுகளில் முதியோர் இருவர், சில வீடுகளில் ஒருவர் மட்டுமே இருக்கின்றனர். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். பூட்டிக் கிடக்கும் வீடு கள்வனுக்கு விடுத்த அழைப்பாகிவிடுகிறது.

நாம் அறிந்த குடும்பம் ஒன்றில் அண்மையில் இவ்வாறே நேர்ந்தது. பெரியவரும் அவர் துணைவியாரும் உறவினர் திருமணத்திற்குச் சென்றிருந்த இரவில், பின்கட்டுக் கதவை உடைத்துப் புகுந்தவர்கள் பீரோவிலிருந்த நகைகளையும் வெள்ளிப் பூசைப் பாத்திரங்களையும் கொண்டு சென்றனர். பரணில் பழந்துணி சுற்றிக் கிடந்த இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. பெரியவரின் தந்தையார் காவலுக்கென உரிமம் பெற்று வாங்கிய அது, முறைப்படி பெரியவர் பெயருக்கு மாற்றப்பட்டிருந்தது. செய்தி கேட்டு விரைந்து வந்த மகன், "இனி இதில் தோட்டா இட்டுக் கட்டிலருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அப்பா" என்றார். தாயாரோ, "போன நகை போகட்டும், முதலில் இதை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள்" என்றார். இருவர் சொல்லில் எது அறம் என்று நம்மிடம் கேட்டனர். அவர்களுக்குக் கூறியதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம். இக்கேள்வி ஒரு வீட்டோடு நிற்பதன்று.

மகன் சொல்லிலும் நியாயம் உண்டு

மகனை அறமறியாதவர் என்று ஒதுக்கிவிடலாகாது. முனிவர்க்குரியது மகாவிரதம், இல்லறத்தார்க்குரியது அணுவிரதம். இல்லறத்தில் நிகழும் ஹிம்சையை நம் பெரியோர் நான்காகப் பகுத்தனர். சமைத்தல், பெருக்குதல் போன்ற வீட்டு வேலைகளால் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு, வாணிகம் முதலிய தொழில்களால் நேர்வது உத்யோக ஹிம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் தாக்க வருவோரைத் தடுக்கும்போது நேர்வது விரோத ஹிம்சை. கொல்ல வேண்டுமென்றே எண்ணிச் செய்வது சங்கல்ப ஹிம்சை. இவற்றுள் இறுதியானதை அறவே விடுதல் இல்லறத்தானின் கடமை. ஏனைய மூன்றையும் இயன்ற அளவு குறைக்க வேண்டும் என்பதே அவனுக்கு இட்ட கட்டளை.

சிரவணபெளகுளத்தில் கோமடேசுவரர் திருவுருவத்தை எழுப்பிய சாமுண்டராயர் கங்க மன்னரின் படைத்தலைவர். வாளேந்திய கையினர் என்பதால் அவரை நம் சமயம் விலக்கவில்லை. நாட்டுச் சட்டமும் தற்காப்பை உரிமையாக ஏற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, இரவில் வீட்டை உடைத்துப் புகுவோரை எதிர்க்கும் உரிமையை விரிவாகவே வழங்குகிறது. ஆயினும் தேவைக்கு மேற்பட்ட தீங்கு இழைத்தலாகாது என்றும், அத்துமீறல் நீடிக்கும் வரையே அவ்வுரிமை உண்டு என்றும் எல்லை வகுத்துள்ளது. ஓடுகின்றவன் முதுகில் சுடுவது காவலாகாது என்பதைச் சட்டமும் அறியும்.

ஆகவே, தற்காப்பு கூடுமா என்பது இங்கே வினா அன்று. இந்தக் கருவி, இந்த வீட்டில், இந்த முதியவர் கையில் உண்மையில் காவலாகுமா என்பதே வினா.

அச்சம் விளைக்கும் தீமை

களவு நேர்ந்த வீட்டில் பொருள் போனதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு, உறக்கம் போய்விடுகிறது. கதவு அசைந்தால் நெஞ்சு துணுக்குறும். நம் நூல்கள் அச்சத்தை ஏழாகப் பகுத்தபோது, காப்பார் இல்லையே என்னும் அச்சத்தையும், அரணில்லையே என்னும் அச்சத்தையும் அவற்றுள் தனித்தனியே எண்ணின. களவு நேர்ந்த வீட்டார் அவ்விரண்டையும் ஒருசேர நுகர்கின்றனர். அவர்களைக் கோழைகள் என்று எள்ளுதல் கொடுமை.

ஆயினும் அவ்வச்சம் எங்கே இட்டுச் செல்கிறது என்பதை அறிதல் வேண்டும். தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் ரௌத்திர தியானத்திற்கு நான்கு தோற்றுவாய்களைக் கூறுகிறார். ஹிம்சை, பொய், களவு ஆகிய மூன்றோடு நான்காவதாக அவர் வைப்பது, தன் உடைமையைக் காத்தல் பற்றிய இடையறாச் சிந்தனை. கள்வன் களவை நினைப்பதும், உடையவன் உடைமைக் காவலையே நினைத்து வெம்புவதும் ஒரே தியானத்தின் பகுதிகள் என்பது நம்மைத் திடுக்கிடச் செய்ய வேண்டிய செய்தி. தலைமாட்டில் தோட்டா இட்ட துப்பாக்கியை வைத்துக்கொண்டு, "இம்முறை வரட்டும்" என்று இரவெல்லாம் காத்திருப்பவர் ஒரு குண்டும் சுடாதிருக்கலாம். ஆனால் பாவ ஹிம்சை, அதாவது எண்ணத்தால் நிகழும் கொலை, அங்கே நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது. விரோத ஹிம்சை என்று தொடங்கிய நினைவு, எதிரியே இல்லாத இரவுகளில் சங்கல்ப ஹிம்சையாக முதிர்ந்துவிடுகிறது.

வைக்கும் முறையிலும் வினை உண்டு

ஹிம்சை என்பது கவனக்குறைவோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு விளைத்தல் என்றே நம் ஆசாரியர் இலக்கணம் வகுத்தனர். முனிவர் கமண்டலத்தை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பார்த்துச் செய்ய வேண்டும் என்பது ஐந்து சமிதிகளுள் ஒன்று. இல்லறத்தார்க்கும் இதில் பாடம் உண்டு. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், வினை வந்து சேர்வதற்கு இடமாகும் சடப்பொருள்களைக் கூறுமிடத்தில், ஒரு பொருளை வைத்தலையும் பொருள்களைச் சேர்த்தலையும் எண்ணுகிறது. பாராமல் வைத்தல், சரிவரத் துடையாமல் வைத்தல், அவசரத்தில் வைத்தல், நினைவின்றிக் கண்ட இடத்தில் வைத்தல் என்று வைத்தலின் குற்றங்களை உரைகாரர் நான்காக விரிப்பர்.

துப்பாக்கிக்கு இதைவிடப் பொருத்தமான அறவுரை வேறென்ன வேண்டும்? துப்பாக்கி ஓரிடத்தில், தோட்டா வேறோரிடத்தில் இருக்கும்வரை இரண்டும் சடப்பொருள்களே. இரண்டையும் சேர்த்து வைத்தபோது ஓர் உயிர் போவதற்கு விரலசைவு ஒன்றே எஞ்சி நிற்கிறது.

பரண் உயரத்தில் இருக்கிறது, குழந்தைகளுக்கு எட்டாது என்பார் சிலர். வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்த நாம் இதனை ஒருபோதும் ஏற்க மாட்டோம். ஒளித்து வைத்த பொருளைக் கண்டுபிடிப்பது குழந்தையின் இயல்பு. கோடை விடுமுறையில் தாத்தா வீட்டிற்கு வரும் பேரன், நாற்காலியின்மேல் முக்காலியை வைத்தேனும் பரணை எட்டிவிடுவான். "தொடாதே" என்ற சொல்லே அவனுக்கு வழிகாட்டி.

பெரியவர்களின் நிலையும் எண்ணத்தக்கது. கண்புரை படர்ந்தவர், நள்ளிரவில், விளக்கில்லாத முற்றத்தில் நிழலொன்றைக் காண்கிறார். அது கள்வனாக இருக்கலாம். கடைசிப் பேருந்தில் வந்திறங்கிய மகனாகவும் இருக்கலாம். சுட்ட பிறகு ஆராய்வதால் பயனில்லை.

எட்டினால் ஆபத்து, எட்டாவிட்டால் வீண்

கருத்தின் நடுவிடம் இதுதான். நள்ளிரவில் உடனே உதவுமாறு துப்பாக்கியை எட்டும் இடத்தில் தோட்டாவோடு வைத்தால், அது பேரனுக்கும் எட்டும்; மனம் தளர்ந்த வீட்டாருக்கும் எட்டும்; கள்வனுக்கும் எட்டும். எவருக்கும் எட்டாதபடி துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியே பூட்டி வைத்தால், கதவு உடையும் நொடியில் அது உதவாது. இவ்விரண்டுக்கும் நடுவே வழி இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

மேலும், ஆளில்லாத வீட்டையே கள்வர் பெரும்பாலும் நாடுகின்றனர். ஆளில்லாதபோது துப்பாக்கி எதையும் காப்பதில்லை. அதுவே களவு போகும் பொருளாகிறது. அனர்த்ததண்டம் என்னும் பயனற்ற பாவச் செயல்கள் ஐந்தனுள், நஞ்சு, தீ, படைக்கலம் முதலியவற்றைப் பிறர்க்குக் கொடுக்கும் ஹிம்சாதானமும் ஒன்று. நாம் மனமுவந்து கொடுக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் பழந்துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டுத் திருமணத்திற்குச் சென்றது கவனக்குறைவுதானே? பொன்வளையல் களவு போனால் இழப்பு நம்மோடு முடியும். துப்பாக்கி களவு போனால், நாம் அறியாத ஊரில், நாம் அறியாத ஒருவர் மார்பில் அது முடியலாம்.

நம் பிள்ளைகள் சிலர் வாழும் அமெரிக்காவில் இது பற்றி ஆய்ந்துள்ளனர். 1993ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்த ஆய்வு, துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு என்று கண்டது. அம்மிகுதி பெரும்பாலும் குடும்பத்தாராலும் தெரிந்தவர்களாலும் நிகழ்ந்த கொலைகளால் ஏற்பட்டது. கலிபோர்னியாவில் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வும், கைத்துப்பாக்கி உடையவரோடு ஒரே வீட்டில் வாழ்வோர் கொலையுண்ணும் விகிதம் 2 மடங்குக்கு மேல் என்று கூறிற்று. அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை, குழந்தைகள் உள்ள வீட்டில் துப்பாக்கி இல்லாமையே நன்று என்பது. இருந்தே தீருமாயின் தோட்டா நீக்கிப் பூட்ட வேண்டும். தோட்டாவை வேறிடத்தில் பூட்ட வேண்டும் என்கின்றனர். சேர்த்தலும் வைத்தலும் வினைக்கு இடம் என்ற நம் ஆசாரியர் வாக்கை அவர்கள் வேறு வழியில் வந்தடைந்தனர்.

செய்யத்தக்கன

துப்பாக்கி இல்லாத வீட்டார், களவு நேர்ந்த அதிர்ச்சியில் உரிமம் தேடி அலைய வேண்டாம். அச்சம் தணியும்வரை எந்த முடிவும் எடுக்காதிருத்தலே நன்று.

முன்னோர் வழி வந்த துப்பாக்கி உள்ள வீட்டார், அதை உரிமத்தோடு காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடலாம். விலைக்கு விற்பது சட்டப்படி கூடுமாயினும், மற்றொரு வீட்டிற்கு அதே இடரை அனுப்புவதாகும். தந்தையின் நினைவுப் பொருளாயிற்றே என்று தயங்குவோருக்கு ஒன்று கூறுவோம்: தந்தையின் நினைவுக்கு அவர் ஓதிய நூல் போதும். உரிமம் பெற்றவர் காலமானால், புதிய உரிமமின்றி அத்துப்பாக்கியை வாரிசுகள் வைத்திருத்தல் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி குற்றம் என்பதையும் பலர் அறியார்.

ஊருக்கு ஒதுக்கான தோட்டத்தில் வாழ்வோர், உயிருக்கு மெய்யான மிரட்டல் உள்ளோர் சிலருக்கு வேறு வழியில்லாதிருக்கலாம். அவர்கள் சுவரில் பதித்த இரும்புப் பெட்டியில் தோட்டா நீக்கிப் பூட்டுக. தோட்டாவைத் தனியே பூட்டுக. சாவி ஒருவரிடம் மட்டுமே இருக்கட்டும். வெளியூர் செல்லும்போது காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்துச் செல்க. களவு போனால் அந்நொடியே காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தல் பெருங்குற்றம்.

இனி, காவலுக்கு என் செய்வது? நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். பின்கட்டுக் கதவுக்கு இரும்புப் பட்டையும் உட்தாழும் இடுங்கள். முற்றத்திலும் கொல்லையிலும் விளக்கு எரியட்டும். வெளியூர் செல்வதைக் காவல் நிலையத்திலும் அண்டை வீட்டிலும் சொல்லிச் செல்லுங்கள். இவையனைத்தினும் சிறந்த காவல், வேண்டாத பொருளை வீட்டில் குவிக்காமை. பரிக்கிரக பரிமாணம் என்னும் அணுவிரதம் மறுமைக்கு மட்டும் உரியதன்று. இம்மையில் உறக்கம் தருவதும் அதுவே. முதியோரைத் தனியே விட்டுச் சென்ற பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: பெற்றோர்க்கு நீங்கள் தர வேண்டிய காவல், நாள்தோறும் ஒரு தொலைபேசி அழைப்பும் மாதம் ஒருமுறை உங்கள் வருகையும்.

கள்வனும் உயிரே

நற்காட்சியின் எட்டு அங்கங்களுக்கு எடுத்துக்காட்டாக நம் நூல்கள் எண்மரைக் கூறும். அவற்றுள் முதல் அங்கமாகிய ஐயமின்மைக்கு எடுத்துக்காட்டு யார்? அரசரும் அல்லர், முனிவரும் அல்லர்; அஞ்சன சோரன் என்னும் கள்வன். பிறர் குற்றத்தை மறைத்துத் திருத்தும் அங்கத்திற்கு எடுத்துக்காட்டாகிய ஜினேந்திர பக்தரும், துறவி வேடத்தில் வந்து தம் வீட்டு மணியைத் திருடியவனைக் காட்டிக்கொடுக்காது காத்தவரே. கள்வனுக்குக் கதவைத் திறந்து வையுங்கள் என்று நாம் கூறவில்லை. அவனைப் பிடித்துத் தண்டிப்பது அரசின் கடமை; அதற்கு உதவுவது நம் கடமை. ஆனால் சுவரேறிக் குதிப்பவனும் வினைவயத்தால் கெட்ட ஓர் உயிர். திருந்தவும் உய்யவும் உரிய உயிர். அவ்வாய்ப்பை ஒரு தோட்டாவால் முடித்துவிடும் உரிமை ஒரு சங்கிலிக்காகவோ ஒரு வெள்ளிக் குடத்திற்காகவோ நமக்கு வந்துவிடாது.

பொருளைக் காத்தல் இல்லறம்; பொருளுக்காக உள்ளத்தை இழவாமை நல்லறம். கதவுகளை உறுதியாகத் தாழிடுவோம். உள்ளத்தில் பகை புகாமலும் காப்போம். அறம் நம்மைக் காப்பதாக.