விழாத முள்

மாமாவின் லாரியில் ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்தில் நின்று பல வருடம் ஆகிறது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் அறுந்தபோது அவர் மாற்றவில்லை. இன்ஜின் சத்தமும் ஸ்டீயரிங் அதிர்வும் ஜன்னல் காற்றும் அவருக்குப் போதும். "முப்பது வருசமா ஓட்டறேன் மாப்ள, எனக்கெதுக்கு முள்ளு?"

போன வருடம் நான் ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கிக் கொடுத்தேன். செல்போன் சார்ஜருக்காக வைத்திருந்த சாக்கெட்டில் செருகினால் போதும். பழைய வண்டியின் எந்த உறுப்போடும் அதற்குத் தொடர்பில்லை. செயற்கைக்கோள் சிக்னலை வைத்து வேகத்தைக் கணக்கிட்டுப் பச்சை எண்ணில் காட்டும்.

நாமக்கல்லிலிருந்து பெங்களூருக்கு லோடு. கூடவே போனேன். மீட்டர்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு ஒரு விளையாட்டு ஆடினோம். "நாப்பத்தஞ்சு" என்பார், எடுத்துப் பார்த்தால் 46. "அம்பது" என்பார், 51. பொம்மை வாங்கி வந்தவனுக்கு வெட்கமாகிவிட்டது.

திரும்பும்போதும் லோடு இருந்தது. தர்மபுரி தாண்டி, தொப்பூர் கணவாய் இறக்கம். லாரிகள் கட்டுப்பாடிழந்து அடிக்கடி உயிர்ப்பலி வாங்கிய இடம். டீசல் மிச்சமாகும் என்று மாமா நியூட்ரலில் தட்டினார்.

"இப்ப எவ்வளவுங்க மாமா?"

"நாப்பது இருக்கும்."

துண்டை எடுத்தேன். 61.

அவர் எதுவும் பேசவில்லை. பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்து, கியருக்கு வந்தார். அதுவரை நானும் மூச்சு விடவில்லை.

அவர் காது பொய் சொல்லவில்லை. அது இத்தனை வருடம் கேட்டது சக்கரத்தை அல்ல, இன்ஜினை. கியரில் இருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். நியூட்ரலில் இன்ஜின் சும்மா முனகிக்கொண்டிருக்கும், சக்கரம் தன் பாட்டுக்கு ஓடும். நாற்பதுக்கும் அறுபதுக்கும் பார்வைக்கு இருபதுதான் வித்தியாசம். பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலோ இரண்டேகால் மடங்கு.

கேபிள் அறுந்தால் டேஷ்போர்டு முள் பூஜ்யத்துக்கு விழுந்துவிடும். மனிதனுக்குள் இருக்கும் முள் விழுவதில்லை. தொடர்பு அறுந்த பிறகும் ஏதோ ஓர் எண்ணை அதே உறுதியோடு காட்டிக்கொண்டிருக்கும். அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது எதன்மேல் நிற்கிறது என்பது அனுபவசாலிக்கே தெரியாமலிருக்கலாம்.

மீட்டரும் முழு உண்மை இல்லை. சடன் பிரேக் போட்டால் எண் கொஞ்சம் பிந்தித்தான் மாறும். சுரங்கப்பாதையில் சிக்னல் போய்விடும். மழையில் நாற்பதே அதிகம் என்பதை மாமாதான் சொல்ல வேண்டும்.

கணவாய் தாண்டி டீ குடிக்கும்போது சொன்னார்: "இத்தன நாளு தெரியாம பண்ணுனேன். இனிமே தெரிஞ்சில்ல பண்ணோணும்."

தெரியாமல் செய்தது பாவமில்லை என்கிறோம். தெரிந்துகொள்ள வழியே இல்லாதவனுக்கு அது சரி. கேபிளை மாற்றாமல் விட்டவனுக்கு? அவரை மட்டும் கேட்கவும் எனக்கு வாயில்லை. இப்படி லிட்டர் லிட்டராக மிச்சம் பிடித்த காசில்தான் நான் கல்லூரி முடித்தேன். அந்தக் காசு எந்த இறக்கத்தில் மிச்சமானது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. என் மீட்டர்மேலும் ஒரு துண்டு கிடந்திருக்கிறது.

மீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. அடுத்த நடைக்குக் கிளம்பும்போது அவரே அதைச் செருகினார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.